இரண்டாம் கைநாட்டு

தளவாய் பட்டாளத்திலிருந்து திரும்பிய அன்று, ஊருக்குள் கால் வைக்குமுன் அவன் மணிக்கட்டைப் பிடித்தவள் பேச்சி. சேரன்மகாதேவி ரயிலடியில் அவன் இறங்கிய சேதி அவனுக்கு முன்னால் தலைமடை ஊருக்கு வந்துவிட்டது. வாய்க்கால் பாலத்தில் நின்றுகொண்டிருந்தாள். மாசி வெயில். அவனுடைய காக்கிக் கால்சட்டையில் முழங்கால் வரை புழுதி அப்பியிருந்தது.

"பூதத்தான் எங்கலே?" என்றாள்.

"அவன் வேற கம்பெனி சித்தி. ஆத்துல மேல அனுப்பிட்டாங்க. பிறவு நான் பாக்கல."

"உன் பின்னால வந்த பயலாச்சே. பாக்கலேன்னா?"

"எனக்குத் தவணை முடிஞ்சுது, விட்டுட்டான். அவனுக்கு முடியல போலிருக்கு."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பிடித்திருந்த கையையே பார்த்தாள். அந்த உள்ளங்கையில் மண்வெட்டிக் காம்பு உண்டாக்கிய காய்ப்புகள் இருந்தன. பிறகு விட்டுவிட்டாள். "சரி, போ. மாரித்தாய் பாத்துக்கிட்டிருப்பா."

பேச்சியின் மகன் சங்கிலிபூதத்தான் முந்திய ஆடி மாதமே செத்துப் போயிருந்தான். கடல் தாண்டி, பஸ்ராவுக்கும் மேலே அமாரா என்ற இடத்தில், ஆற்றோரத்தில் ஒட்டகத் தோல் நிறத்தில் கிடக்கும் தட்டையான நிலத்தில், வெள்ளைக்காரன் சண்டைக்கு மண் வெட்டவும் மூட்டை தூக்கவும் சேர்த்த கூலிப்பட்டாளத்துக் கூடாரங்களில் காலரா நுழைந்தது. காலையில் மூட்டை தூக்கியவன் சாயங்காலம் இல்லை. குழி வெட்டத் தளவாயின் அணியைத்தான் போட்டிருந்தார்கள். தினமும் வெட்டினார்கள். ஒருநாள் கோணிக்குள் வந்த முகம் தெரிந்த முகமாக இருந்தது. எரிக்க விறகு கிடையாது. தலைமாட்டில் நட ஒரு கல்லும் கிடையாது. தளவாயே இறங்கி, காலை நீட்டிப் படுக்கவைத்து, மண்ணைத் தள்ளினான்.

இது தலைமடையில் தெரிந்த ஒரே ஆள் அவன். பூதத்தான் பேச்சிக்கு ஒற்றைப் பிள்ளை. தாய் ஆள் அனுப்பித் திருப்பி அழைத்துக்கொண்டுவிடுவாள் என்று பயந்து, பாளையங்கோட்டையில் வேறு பெயரும் வேறு ஊரும் சொல்லிக் கைநாட்டு வைத்திருந்தான். ஆகையால் அவன் செத்த சேதி எந்த ஊருக்குப் போயிருந்தாலும் இந்த ஊருக்கு வரப்போவதில்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் கப்பலில் வரும்போது தளவாய் நினைத்திருந்தான். பாலத்தில் நின்றவளைப் பார்த்ததும் வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு, மறுநாள் அதை மாற்றுவது முதல் நாளைவிடக் கடினமாக இருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கடினமாக இருந்தது.

மனைவி மாரித்தாய் அவனைக் கண்டு அழவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அவன் போகும்போது அவள் வயிற்றிலிருந்த பிள்ளை பிறந்து, குப்புற விழும் பருவம் வரை இருந்து, போய்விட்டிருந்தது.

"யாரு சாடை?" என்று கேட்டான்.

"உம்ம சாடைதான். காது மட்டும் என்னைப் போல."

அவள் வயல்களில் நாற்று நட்டும் களை பறித்தும் அந்த ஒரு வருஷத்தைத் தள்ளியிருந்தாள். கால்விரல் இடுக்குகள் சேற்றுப் புண்ணால் வெளுத்துக் கிடந்தன.

அவர்களுக்கென்று ஒரு வயல் இருந்தது. அவர்களுடையது என்று சொல்ல முடியாது. ஆற்றங்கரைச் சுடலைமாடனுக்காக ஊர்ப் பண்ணையார் தில்லைநாயகம் பிள்ளையின் பாட்டனார் விட்ட வயல் அது. சாமி யார் மேல் வருகிறதோ அவன் அதை உழுது சாப்பிடலாம். அதற்கு ஈடாகச் சித்திரை மாதக் கொடை விழாவில் கச்சை கட்டி ஆட வேண்டும். சாமி இறங்கியதும் கேட்பவர்களுக்குக் குறி சொல்ல வேண்டும். தளவாயின் தகப்பன் ஆடினான். அவனுக்குப் பிறகு தளவாய். முந்திய வருஷம் கார் போகமும் பிசானப் போகமும் அடுத்தடுத்துப் பொய்த்துப் போனதால்தான் அவன் பட்டாளத்துக்குப் போனான். அவன் இல்லாத கொடையில் சித்தப்பன் மகன் ஊய்க்காட்டான் கச்சை கட்டினான். அவன் மேல் வந்தது சாமிதானா என்று ஊர் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஆனால் வயலை அவன்தான் உழுதான்.

தளவாய் பிள்ளை வீட்டு முற்றத்தில் போய் நின்றான். பிள்ளை சைவப் பழம். சுடலைமாடன் கோயில் பக்கம் போகமாட்டார். ஆனால் பாட்டனார் செய்த ஏற்பாட்டை மாற்றவும் மாட்டார்.

"கடல் தாண்டிட்டு வந்திருக்க. அங்கன என்னத்தையெல்லாம் தொட்டியோ, என்னத்தைத் தின்னியோ," என்றார். "சாமி ஏத்துக்கிடுமாலே?"

"தெரியல எசமான்."

"எனக்கும் தெரியாது. சித்திரையில நீ கச்சை கட்டு. சாமி வந்தா வயல் உனக்கு. வரலேன்னா ஊய்க்காட்டானே வச்சுக்கிடட்டும். பிறவு எங்கிட்ட வந்து நிக்கப்படாது."

அந்த வாரமே சந்தையில் கைலாசம் அவனைப் பிடித்துக்கொண்டான். கைலாசம் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறவன். முன்னே ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவன்; இப்போது குடையும் வெற்றிலைப் பெட்டியுமாகச் சந்தை சந்தையாகப் போனான்.

"என்னவே, உடம்பு தேறியிருக்கே! பஸ்ரா சோறு ஒட்டியிருக்கு. மறுபடி எப்பம்?"

"நான் வரல அண்ணாச்சி."

"ஏன்? பழகின ஆளுக்கு இப்பம் மவுசு வே. ரெண்டாம் தவணைக்குப் போனா உம்மை மேஸ்திரி ஆக்கிருவான். நீரு குழியைத் தொட வேண்டாம். கரையில நின்னுக்கிட்டு, 'வெட்டுலே, வெட்டுலே'ன்னு சொன்னாப் போதும்."

கைலாசம் சிரித்தான். தளவாயும் கொஞ்சம் சிரித்தான்.

"சாமி வந்துட்டா வயல் இருக்கு. நான் ஏன் போறேன்?"

"வரலேன்னா?"

தளவாய் யோசித்தான். "வரலேன்னா வாரேன்."

"அப்பம் உம்ம சுடலைக்கு நானும் ஒரு தேங்கா விடலை போடுதேன். வராம இருக்கணும்னு," என்று கைலாசம் குடையை விரித்துக்கொண்டு நடந்தான்.

அன்று சாயங்காலம் இதை மாரித்தாயிடம் சொன்னான். அவள் கல்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"மறுபடி போனீருன்னா திரும்பி வந்து யாரைத் தேடுவீரு? நான் ஒருத்திதான் மிச்சம்."

கொடைக்கு வாழையும் குருத்தோலையும் கட்டி, பீடத்துக்கு வெள்ளையடித்தார்கள். தளவாய் நாள் தவறாமல் ஆற்றில் முழுகி, ஒருபொழுது இருந்தான். செவ்வாய்க்கிழமை உச்சிப் பொழுதில் முழங்கால் வரையுள்ள சல்லடம் உடுத்தி, கச்சை கட்டி, தலையில் கூம்புக் குல்லாய் வைத்துப் பீடத்தின் முன்னால் வந்து நின்றான். வில்லுப்பாட்டுக்காரர்கள் வரத்துப் பாடத் தொடங்கினார்கள். சாமியை அழைத்து இறக்குகிற பாட்டு அது. விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை, கயிலையில் பாலும் சோறும் போதாமல் சுடுகாட்டுக்கு இறங்கிப்போய்ப் பிணம் தின்ற பிள்ளை, அங்கிருந்து துரத்தப்பட்டுத் தெற்கே வந்த கதை. குடம் அதிர்ந்தது. மேளம் ஏறியது.

முன்பெல்லாம் பாட்டில் மாடன் சுடுகாட்டுக்குள் காலெடுத்து வைக்கும் இடம் வந்ததும் தளவாயின் உள்ளங்காலில் ஒரு சூடு தொடங்கும். அது முழங்காலுக்கு ஏறும். இடுப்புக்கு வரும்போது அவனுக்குக் கண் தெரியாது. அதற்கப்புறம் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

இன்று அந்த இடம் வந்தது. உள்ளங்கால் குளிர்ந்திருந்தது. சுடுகாடு என்று பாட்டுக்காரன் நீட்டிப் பாடியபோது தளவாய் கண்ட சுடுகாட்டில் நெருப்பே இல்லை. கோணிகள் வரிசையாகக் கிடந்தன. ஈக்கள். ஒரு வெள்ளைக்காரச் சார்ஜண்ட் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு குழியின் ஆழத்தைக் கம்பால் பார்த்தான். இன்னும் வெட்டு என்று கையைக் காட்டினான்.

பாட்டுக்காரன் அந்த இடத்தைத் திரும்பப் பாடினான். மேளக்காரர்கள் அருகில் வந்து, அவன் காதோரமே அடித்தார்கள். குல்லாய்க்குள்ளிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது. மூன்றாவது தடவை பாட்டு சுடுகாட்டுக்கு வந்தது. கூட்டத்தில் சலசலப்பு.

"சாமியைக் கடல்ல விட்டுட்டு வந்துட்டான் வே," என்றான் ஊய்க்காட்டான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "கப்பல்காரன் டிக்கெட்டு கேட்டிருப்பான்."

சிலர் சிரித்தார்கள். தளவாய் கண்ணை லேசாகத் திறந்தான். பெண்கள் நிற்கும் பக்கம் மாரித்தாய் தெரிந்தாள். அவள் வாய் திறந்திருந்தது. ஆனால் கும்பிட்ட கையைத் தளர்த்தவில்லை. சாமி வராமல் இந்தப் பாட்டு முடிந்தால் அடுத்த ரயிலில் அவன் பாளையங்கோட்டைக்குப் போக வேண்டும்.

அவன் துள்ளினான்.

எப்படித் துள்ள வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. தகப்பனைப் பார்த்தே வளர்ந்தவன். தொண்டையிலிருந்து அந்த ஓலம் வந்தது. கூட்டம் ஒரே மூச்சில் பின்வாங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். சாமியின் வல்லய ஈட்டியைப் பிடுங்கி மண்ணில் குத்தினான். எரியும் பந்தத்தை வாங்கி, சாமி செய்வது போலவே நெஞ்சில் தேய்த்தான். அது சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தேய்த்தான். ஊய்க்காட்டான் தலைகுனிந்து, மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வதைப் பார்த்தான்.

பிறகு குறி கேட்க வந்தார்கள். மாடு காணாமற்போனவன், கண்வலிக்காரி, வரப்புத் தகராறுக்காரன். ஒவ்வொருவருக்கும் இரண்டு வார்த்தையும் ஒரு சிட்டிகைத் திருநீறும் கொடுத்தான். அதில் கஷ்டம் இல்லை. அவர்கள் கேட்க வரும்போதே பதிலையும் கையோடு கொண்டுவந்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சி வந்தாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. அவன் காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, மாடா! ஏம் புள்ள எங்க இருக்கான்? உயிரோட இருக்கானா, இல்லையா? எங்கிட்ட ஒருத்தரும் உள்ளதைச் சொல்ல மாட்டேங்காங்க. நீ சொல்லு. இல்லேன்னாலும் சொல்லு, நான் தாங்கிக்கிடுதேன்."

மேளத்தை நிறுத்திவிட்டார்கள். உள்ளதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் அவனுக்குக் கிடைத்திருக்காது. சாமி சொன்னதாகவே போயிருக்கும். தளவாயை யாரும் எதுவும் கேட்டிருக்க முடியாது. அவள் அன்றே தலைமுழுகி, அழுது, ஒரு வழியாக ஆற்றியிருப்பாள். இதை அவன் பின்னால் பல தடவை நினைத்துப் பார்த்தான். அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவன் இப்போது சாமியாக இருந்தால்தான் வயல். தாயின் தலையில் சாவைப் போடுகிற சாமியைப் பார்த்துக் கூட்டம் குலவையிடாது.

"வருவான்," என்றான்.

"எப்பம் ஐயா?"

"தை பிறக்குமுன்னே."

குலவைச் சத்தத்தில் அவள் அழுதது கேட்கவில்லை. திருநீற்றை நெற்றியில் பூசிக்கொண்டு, மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

பொழுது சாயும்போது வீட்டில் மாரித்தாய் அவனுடைய நெஞ்சில் அப்பியிருந்த மஞ்சளையும் கரியையும் துடைத்தாள். இடது மார்புக்குக் கீழே தோல் கொப்பளித்து வெடித்திருந்தது. அவள் துணியை வைத்துவிட்டாள். சாமி வந்தவனைத் தீ சுடாது. அவன் தகப்பனைச் சுட்டதில்லை. போன வருஷங்களில் அவனையும் சுட்டதில்லை. இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவள் தேங்காயெண்ணெயைச் சுண்டுவிரலால் தொட்டுத் தடவினாள்.

"ஒரு மாசத்துக்குத் துண்டைப் போத்திக்கிட்டே இரும்," என்றாள். "ஆத்துல ஆள் இல்லாத நேரம் குளியும்."

வயல் கைக்கு வந்தது. ஆனியில் அணைக்கட்டுத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியதும் காருக்கு உழுதார்கள். இரண்டு பேரும் ஒரே வயலில் குனிந்து நிமிர்ந்தார்கள். அவனுடைய வயலுக்கு அடுத்த மடையில் தண்ணீர் பாய்ச்சும் ஊய்க்காட்டான் ஒருநாள், "உழுதுக்கிடும் வே. சாமி சொன்னது நடந்தா எனக்கும் சந்தோசந்தான்," என்று மட்டும் சொன்னான். பயிர் நன்றாக வந்தது. மாரித்தாயின் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

பேச்சியும் மாறியிருந்தாள். இடிந்து கிடந்த சுவரை எடுத்துக்கட்டினாள். கூரைக்குப் புது ஓலை போட்டாள். யார் வீட்டுக் களத்திலும் அதிக நேரம் நின்று வேலை செய்தாள். ஆவணி பிறந்ததும் அவள் எதற்காக இதையெல்லாம் செய்தாள் என்று ஊருக்குத் தெரிந்தது. மேலத்தெரு இசக்கியைப் பூதத்தானுக்குப் பேசி முடித்திருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை பரிசம். மாப்பிள்ளை இல்லாமலே மாப்பிள்ளையின் தாய் பரிசப் புடவையைக் கொடுக்கலாம், வழக்கம் உண்டு. தையில் அவன் வந்ததும் தாலி.

"முக்கூடல்ல இருந்து ஒரு இடம் வந்திருக்கு, அவ அப்பன் வேண்டாம்னுட்டான்," என்று மாரித்தாய் சொன்னாள். "சாமியே சொன்ன மாப்பிள்ளைன்னு சொல்லுதான்."

தளவாய் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தான். பரிசம் வாங்கிய பெண் பாதி பெண்டாட்டி. மாப்பிள்ளை செத்தான் என்று பிறகு தெரிந்தால், அவளுடைய ராசிதான் அவனைத் தின்றது என்பார்கள். அதற்கப்புறம் அவளைக் கேட்டு ஒருவன் வரமாட்டான். சேதி தெரியவே இல்லையென்றால் அவள் கிழவியாகும்வரை காத்திருப்பாள். இசக்கியைச் சின்னப் பிள்ளையிலிருந்தே அவனுக்குத் தெரியும். கண்மாயில் எருமை குளிப்பாட்டுகிறவள், பலத்த சிரிப்புக்காரி.

மறுநாள் காலை பேச்சி வீட்டுக்குப் போனான். அவள் உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள்.

"வாலே. பரிசத்துக்கு நீதான் முன்னால நிக்கணும். அவனுக்கு அண்ணன் மொறை."

"சித்தி, உலக்கையைக் கீழ வையி. பூதத்தான் செத்துப் போனான். போன வருசம் ஆடியில. அமாராங்கிற எடத்துல. காலரா. நான்தான் குழி வெட்டினேன். நான்தான் மண்ணுல போட்டேன்."

உலக்கை மேலே போய்க் கீழே இறங்கியது. இன்னொரு தடவை போய் இறங்கியது. பிறகு அதைச் சுவரில் சாய்த்தாள்.

"எவன் பிள்ளையைப் போட்டியோ."

"முகத்தைப் பாத்தேன். அவன்தான்."

"அன்னைக்குப் பாலத்துல கேட்டேன். பாக்கலேன்ன."

"பொய் சொன்னேன்."

"கொடையில சாமி வருவான்னு சொல்லிச்சு."

"சாமி வரல சித்தி. நான்தான் ஆடினேன். வயல் போயிரும்னு ஆடினேன். நான்தான் சொன்னேன்." துண்டை விலக்கினான். "பாரு. சுட்டிருக்கு."

அவள் கிட்டே வந்தாள். தழும்பின் மேல் விரலை வைத்துப் பைய அமுக்கினாள். ஒரு சாண் நீளத்துக்கு, வெந்த தோல் வழவழப்பாக மூடியிருந்தது. அதன் முனைவரை விரலை இழுத்துப் பார்த்தாள். முடிந்தது என்று நினைத்தான். அழட்டும் என்று காத்திருந்தான்.

அவளே அவன் துண்டை எடுத்துத் தழும்பை மூடினாள்.

"பாலத்துல பொய் சொன்னவன். சாமி எடத்துல நின்னுக்கிட்டுப் பொய் சொன்னவன். எங்கிட்ட இன்னைக்கு மட்டும் மெய்யைச் சொல்லப் போறியாக்கும்?"

"சித்தி..."

"சாமி சொல்லியிருந்தா அவன் உசிரோட இருக்கான். நீதான் சொன்னேன்னா நீ பொய்யன், உன் பேச்சை எதுக்கு நம்பணும்? ரெண்டுல எதுன்னாலும் ஏம் புள்ள சாகல." குரல் உயரவே இல்லை. "உன்னால அவனைத் தேட முடியல. கையில பிடிச்சுக் கூட்டிட்டுப் போனவன், விட்டுட்டு வந்துட்ட. வெக்கத்துக்குச் செத்துட்டான்னு சொல்லுத."

"நான் எத்தனை சொன்னாலும்..."

"சொல்லாத. போய்க் கூட்டிட்டு வா. சந்தையில குடைக்காரன் ஆள் எடுக்கான்லா? மறுபடி கைநாட்டு வையி. தைக்குள்ள என் புள்ளையோட வா. மாட்டேன்னா, பரிசத்தன்னைக்கு ஊர் கூடி இருக்கையில அந்தத் துண்டை நானே உருவுவேன். பிறவு வயலையும் உன் பொண்டாட்டியையும் பாத்துக்க."

அவன் உரலடியில் சிதறிக் கிடந்த கம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள்.

"நான் போறேன்," என்றான். "ஆனா பரிசம் இப்பம் வேண்டாம். நான் அவனைக் கூட்டிட்டு வந்த பிறவு போடு. அதுவரைக்கும் அந்தப் பொண்ணு வீட்டுல ஒண்ணும் குடுக்கப்படாது. பேசி வச்சதையும் இல்லேன்னு சொல்லிரு. மாட்டேன்னா, நானே ஊர் கூடுதப்பம் துண்டை எடுத்துருதேன்."

பேச்சி உலக்கையைக் கையில் எடுத்தாள்.

"சரி. மாப்பிள்ளை வந்துதான் பரிசம்."

மாரித்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னான், குழி உட்பட. அவள் அடுப்பின் முன் உட்கார்ந்து கேட்டாள். தீ அணைந்துபோனதைக்கூடக் கவனிக்கவில்லை.

"பிள்ளை வீட்டுல போய் உள்ளதைச் சொல்லிரும்," என்றாள். "வயல் போகட்டும். கூலிக்கு நடுதேன், களை பறிக்கேன். செய்யாத வேலையா?"

"சாமி பேர்ல பொய் சொன்னவன் பொண்டாட்டியை எவன் வயலுக்குள்ள விடுவான்?"

ஊரை விட்டுப் போய்விடலாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். பாபநாசம் மலைக்கு மேலே காப்பித் தோட்டங்களில் ஆள் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். சொல்லவில்லை. அறுப்புக்கு நின்ற நெல் இரண்டு பேருடைய கண்ணுக்குள்ளும் இருந்தது. அவன் போனால், சாமியாடி சாமி வேலையாகத்தான் போயிருக்கிறான் என்று அடுத்த கொடை வரை வயல் அவளிடம் இருக்கும். பிள்ளையும் அதற்கு ஏற்கெனவே சம்மதித்திருந்தார்.

"அடுத்த கொடைக்கு?" என்றாள்.

"அதுக்குள்ள ஏதாவது நடக்கும்."

"என்ன நடக்கும்? செத்தவன் எந்திரிச்சு வருவானா?"

அவள் எழுந்து போய் வாசலில் நின்றாள். இருட்டும்வரை உள்ளே வரவில்லை.

அறுப்பு முடிந்து, நெல்லை வீட்டில் சேர்த்த பிறகுதான் கிளம்பினான். வழியனுப்பப் பேச்சி ஒரு மூட்டையோடு வந்தாள். புது வேட்டி, துண்டு, பனையோலைக் கொட்டானில் உடன்குடிக் கருப்பட்டி.

"மூட்டையைப் பிரிச்சுராத. அவன் கையில குடு. கருப்பட்டின்னா அவனுக்கு உசுரு."

"தெரியும் சித்தி," என்று வாங்கிக்கொண்டான்.

மாரித்தாய் வரவில்லை. அவள் அன்று விடியற்காலையிலேயே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாள்.

பாளையங்கோட்டையில் ஆள் சேர்க்கும் கட்டடத்தின் முன் வேப்பமரத்தடியில் வரிசை நின்றது. பெரும்பாலும் புது ஆட்கள். திசையன்விளைப் பக்கத்து இளவட்டங்கள் நாலைந்து பேர் ஒருவரையொருவர் தள்ளிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பழைய ஆள் என்று தெரிந்ததும் ஒருவன் தளவாயிடம், "அங்கன சாப்பாடு எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"போடுவாங்க," என்றான் தளவாய்.

கைலாசம் குடையை மடக்கிக்கொண்டு ஓடிவந்தான். "நம்ம விடலைத் தேங்காய் வீண் போகல பாத்தீரா! சாமி வந்தும் நீரு வந்துட்டீரே. அதென்னவே மூட்டை?"

"பூதத்தானுக்கு. அவன் அம்மை குடுத்து விட்டா."

"யாரு, உம்ம கூட வந்த பயலா? நல்லாயிருக்கானா?"

"இருக்கான்," என்றான் தளவாய். இப்போது அது தடங்கலில்லாமல் வந்தது.

மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: "ஒரு வருஷமா, சண்டை முடியும் வரைக்குமா?"

"ஒரு வருசம்னு சொல்லும்வே," என்று கைலாசம் காதில் முணுமுணுத்தான். "எல்லாரும் அதைத்தான் சொல்லுதான். பிறவு வேணும்னா பாத்துக்கிடலாம்."

"சண்டை முடியுத வரைக்கும்," என்றான் தளவாய். குமாஸ்தா எழுதத் தொடங்கினார். "சண்டை முடிஞ்சா எல்லாரையும் திருப்பி அனுப்பிருவாங்களா ஐயா?"

குமாஸ்தா முதல் தடவையாக அவனைப் பார்த்தார். "ஏன்?"

"அங்கன இருந்துக்கிடலாமான்னு கேக்கேன். வேலை இருக்குமா?"

"இருக்கும். ரோடு போடணும், தண்டவாளம் போடணும். குழி வெட்ட ஆள் எப்பவும் வேணும். ஆனா அதுக்கு எவன் நிப்பான்? எல்லாவனும் வீட்டுக்கு ஓடத்தான் பாப்பான்."

"என் பேருக்கு நேரா அதையும் எழுதிக்கிடுங்க," என்றான் தளவாய். அவன் திரும்பாதவரை தலைமடையில் பூதத்தான் சாகமாட்டான். மூட்டையைக் கால்களுக்கிடையில் வைத்துவிட்டு, இடது கைப் பெருவிரலை மையில் அமுக்கினான்.